மாசு தின்னும் மணித்தியாலங்கள்: ஊரின் உற்பத்தித்திறன் இழப்பைக் கணக்கிட ஒரு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு மட்டக்களப்பில் வாவிக்கரை மீனவர் சங்கம் ஒன்றுக்காக மனு எழுதி, அலுவலகத்தில் கொடுக்கப் போயிருந்தேன். கரையோரம் குப்பை கொட்டுகிறார்கள், வலையில் மீனைவிடப் பொலித்தீன்தான் கூட ஏறுகிறது, ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை என்ற மிதக்கும் செடி) மண்டித் தோணி தள்ள முடியவில்லை. இதுதான் விஷயம். இரண்டு பக்கத்துக்கு நன்றாகவே எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். அதை வாங்கிய அதிகாரி பொறுமையாக வாசித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரி, இதால உங்களுக்கு வருசத்துக்கு எவ்வளவு நட்டம்?" ஆறு பேர் போயிருந்தோம். ஆறு பேரும் ஆளையாள் பார்த்தோம். தலைவர் மட்டும் "பெரிய நட்டம் சேர்" என்றார். மேசையில் ஏற்கெனவே கிடந்த கட்டில் எங்கள் மனுவும் சேர்ந்தது.

வெளியே வந்து பிளேன் ரீ குடிக்கும்போது எங்களோடு வந்த மூத்தவர் ஒருவர் சொன்னார்: "மீன் குறையல்ல தம்பி. முந்தியும் அஞ்சு கிலோதான், இப்பயும் அஞ்சு கிலோதான். ஆனா முந்தி ஆறு மணித்தியாலத்தில வந்திருவன். இப்ப ஏழரை ஆகுது."

அதிகாரி கேட்ட கேள்விக்கான பதில் அதுதான். உள்ளே இருக்கும்போது அது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து இப்படியான கணக்குகளைப் போட்டும் பிழைவிட்டும் பழகியதை இங்கே எழுதுகிறேன். சங்கச் செயலாளர், கடைசி வருட ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவர், பிரதேச சபைக்குக் கேள்வி அனுப்ப நினைப்பவர், யாருக்கும் உதவும்.

முதலில் சொல்லை நேராக்குவோம்

உற்பத்தி என்றால் எவ்வளவு கிடைத்தது என்பது. உற்பத்தித்திறன் என்றால் போட்டதற்கு எவ்வளவு கிடைத்தது என்பது. போட்டது மணித்தியாலமாக இருக்கலாம், ஏக்கராக இருக்கலாம், ஒரு லீற்றர் மண்ணெண்ணெயாகவும் இருக்கலாம். அந்த மூத்தவரின் கணக்கையே எடுங்கள். ஐந்து கிலோவை ஆறால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 0.83 கிலோ. ஏழரையால் பிரித்தால் 0.67 கிலோ. பிடித்த மீனில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனால் அவருடைய உழைப்பின் திறன் 20 சதவீதம் விழுந்துவிட்டது. மீன்பிடிப் புள்ளிவிபரத்தில் ஐந்து கிலோ என்றுதான் பதிவாகும். யாருக்கும் எதுவும் தெரியவராது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. குப்பையில் சிக்கி வலை கிழிந்து அவர் புதுவலை வாங்கினால் வலைக்கடையின் விற்பனை கூடுகிறது. பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்து தனியார் வைத்தியரிடம் ஓடினால் அதுவும் சேவைத்துறை வருமானம். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற கணக்கு இவற்றை எல்லாம் கூட்டித்தான் எழுதும், கழித்து எழுதாது. ஆகவே "மாகாணம் வளர்ந்திருக்கிறது" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு மாசு பாதிக்கவில்லை என்று யாரும் வாதாட வந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வளர்ச்சி என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஒருமுறை 20 சதவீதம் விழுந்து அதே மட்டத்தில் நிற்பது வேறு, வருடாவருடம் கூடவேண்டிய வேகமே குறைவது வேறு. ஒரு பிரதேசம் வருடம் 3 சதவீதம் வளர்ந்தால் இன்றைய 100 ரூபாய் இருபது வருடத்தில் 181 ரூபாய் ஆகும். 2 சதவீதம் என்றால் 149 ரூபாய்தான். ஒரேயொரு சதவீத வித்தியாசம், இருபது வருடத்தில் 32 ரூபாய். ஆற்றுவாழை போன்றவை மட்டத்தைக் கீழே தள்ளுபவை. இறால் குஞ்சு வளரும் கண்டல் கரை அழிவது, தகப்பனின் தொழிலில் இனிப் பயனில்லை என்று பொடியன் கட்டாருக்குப் போவது, நச்சுக்கு அஞ்சி முதலீடு செய்ய வந்தவர் திரும்பிப் போவது, இவைதான் வேகத்தையே குறைப்பவை. எழுதும்போது இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"சுற்றாடல் மாசினால் கிழக்கின் பொருளாதாரம் பாதிக்கப்படுகிறது" என்று தொடங்கினால் எங்கேயும் போய்ச்சேர மாட்டீர்கள். ஒரு மாசு, ஒரு தொழில், ஒரு இடம், ஒரு பருவம். அவ்வளவுதான். "கல்லடிக்கும் நாவலடிக்கும் இடைப்பட்ட வாவிப் பகுதியில், ஆற்றுவாழை மிதக்கும் மாதங்களில், வீச்சுவலைக்காரர் ஒருவரின் மணித்தியாலப் பிடி எவ்வளவு குறைகிறது?" இப்படிக் கேட்டால் பதில் கண்டுபிடிக்கலாம். நெல் அவிக்கும் ஆலையின் கழிவுநீர் வாய்க்காலுக்குப் பக்கத்து வயல்களில் சிறுபோக விளைச்சல், குப்பை எரியும் நாட்களில் பக்கத்துத் தையற்கூடத்தின் உடுப்பு எண்ணிக்கை என்று உங்கள் ஊருக்கு ஏற்றபடி எடுங்கள்.

படி 2: மாசு பணப்பைக்கு வரும் பாதையைக் கீறுங்கள்

ஒரு தாளில் இடப்பக்கம் மாசையும் வலப்பக்கம் வருமானத்தையும் எழுதி, நடுவில் என்னென்ன நடக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். பாதை தெரியாமல் எண் சேர்த்தால் அது வெறும் எண்ணாகவே கிடக்கும். நான் பார்த்தவரை நமது பக்கத்தில் பாதைகள் ஐந்தாறுதான்.

முதற்பாதை உடம்பு. இதைத்தான் உலகத்தில் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் பழம் பறிப்பவர்களுக்குக் கூலி பறித்த அளவுக்கு. நம் ஊரில் மூடைக்கு இவ்வளவு என்று நெல் ஏற்றுவதைப் போல. 2012இல் வெளியான ஆய்வு ஒன்று அவர்களின் நாளாந்தக் கூலிப் பதிவையும் காற்றிலுள்ள ஓசோன் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஓசோன் பத்து அலகு, அதாவது நூறு கோடியில் பத்துப் பங்கு, மாறும்போது வேலையாளின் திறன் 5.5 சதவீதம் மாறியது. எவரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, லீவு எடுக்கவில்லை, காற்றும் அங்கத்தைய அரசு விதித்த எல்லைக்குள்தான் இருந்தது. ஆள் வேலைக்கு வந்தார், கை மெதுவாகப் போனது. மெக்சிகோ நகரில் 1991இல் ஒரு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை மூடியபோது சுற்றுவட்டாரத்தில் மாசு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, மக்கள் வாரத்துக்குச் சராசரி 1.3 மணித்தியாலம் கூடுதலாக வேலை செய்தார்கள். பெங்களூர் ஆடைத் தொழிற்சாலைகளில் தூசு கூடிய நேரங்களில் உற்பத்தி குறைந்தது. ஆனால் மேற்பார்வையாளர் கெட்டிக்காரராக இருந்து ஆட்களை இடம்மாற்றிய வரிசைகளில் அந்த இழப்புச் சிறியதாக இருந்தது. ஆடைத் தொழிற்சாலைக்குப் பெண்பிள்ளைகள் பஸ் ஏறும் நம் மாவட்டங்களுக்கு இந்த மூன்றாவது ஆய்வு மிகவும் பொருந்தும்.

உடம்பைப் பற்றிப் பேசும்போது அடுப்படியை விட்டுவிடாதீர்கள். புகை என்றவுடன் எல்லோரும் அரிசி ஆலையின் புகைக்குழாயைக் காட்டுவார்கள். விறகடுப்பில் மூன்று வேளையும் குனிந்து ஊதும் பெண்ணுக்கு நெஞ்சுக்குள் போகும் புகையை யாரும் காட்டமாட்டார்கள், ஏனென்றால் அந்த வேலைக்குக் கூலி கிடையாது. கூலி இல்லாத இடத்தில் புள்ளிவிபரமும் இல்லை.

இரண்டாவது பாதை இயற்கை மூலதனம், அதாவது தொழில் தங்கியிருக்கும் தண்ணீரும் மண்ணும் மீனும். அம்பாறைப் பக்கத்து வயல்களின் வடிநீர் மட்டக்களப்பு வாவியின் தென்பகுதிக்குத்தான் வருகிறது. அதோடு வரும் நைதரசனும் பொசுபரசும் ஆற்றுவாழைக்குத் தீனி. ஆற்றுவாழை மூடினால் கீழே வெளிச்சம் போகாது. அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துபோகும். மீன் ஒதுங்கும், இல்லாவிட்டால் சாகும். இதில் எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம் ஒன்று: அந்த நைதரசன் வானத்திலிருந்து விழுந்ததல்ல. படுவான்கரையிலோ சம்மாந்துறையிலோ ஒரு விவசாயி கடன்பட்டு வாங்கிய யூரியா. பயிர் குடிக்காமல் ஓடிப்போனது அவருக்கும் நட்டம், வாவிக்காரனுக்கும் நட்டம். மாசு என்று நாம் சொல்வதில் பாதி, யாரோ காசு கொடுத்து வாங்கி வீணாக்கிய பொருள்தான்.

தன் மாசினால் தானே விழுந்த தொழிலும் உண்டு. இலங்கையின் முதல் இறால் பண்ணைகள் 1970களின் கடைசியில் மட்டக்களப்பில்தான் தொடங்கின, யுத்தத்தோடு நின்றுபோயின. பிறகு சிலாபம், புத்தளம் பக்கம் அந்தத் தொழில் பெருகியது. ஒரு பண்ணை கழித்துவிட்ட தண்ணீரையே அடுத்த பண்ணை உறிஞ்சியது. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது அது பண்ணைக்குப் பண்ணை தாவி, ஏராளமான குளங்கள் கைவிடப்பட்டன. கிழக்கில் மீண்டும் இறால் பண்ணை என்று யார் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் எங்கே இருந்து வரும், எங்கே போகும் என்பதைத்தான்.

மூன்றாவது பாதை நேரம். வலையில் சிக்கிய பொலித்தீனைப் பிடுங்கும் நேரம், கிணறு கெட்டால் தூரத்துக் குழாய்க்கு நடக்கும் நேரம். யானைக் காவலும் இதில்தான் வரும் என்று நான் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீனைத் தின்று சாவது 2022இல் உலகச் செய்தியானது. எட்டு வருடத்தில் ஏறத்தாழ இருபது யானைகள். செத்தவை செய்தியில் வந்தன. குப்பைக்குப் பழகி, ஊர் ஓரத்திலேயே தங்கிவிட்டவை வயலுக்குள் இறங்கும்போது செய்தியாவதில்லை. காவல் பரணில் இரவெல்லாம் வெடியோடு விழித்திருந்தவர் மறுநாள் வரம்பு கட்டும் வேகத்தைப் பாருங்கள், குப்பைக்கும் நெல்லுக்கும் உள்ள தொடர்பு தெரியும்.

சந்தைப் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து ஆயிரக்கணக்கான தொன் பொருட்களோடு பிளாஸ்திக் மணிகளும் கரைக்கு வந்தபோது, மேற்குக் கரையில் பிடிக்கத் தடை வந்தது. மீன் வாங்குபவர்களும் தயங்கினார்கள். நமக்கு அதற்கு முந்திய வருடமே ஒரு கண்டம் வந்து தப்பிப்போனது: 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, சுமார் 2,70,000 தொன் மசகெண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது. மசகெண்ணெய்த் தாங்கிகள் தப்பின. உடைந்திருந்தால் பொத்துவில், திருக்கோவில் தொடங்கி எத்தனை கரைவலைகள் எத்தனை வருடம் காய்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படி வராத இழப்பைக் கணக்கில் சேர்க்க முடியாது, ஆனால் ஆபத்து என்று தனியாக ஒரு பந்தி எழுதலாம்.

கடைசிப் பாதை பிள்ளைகள். இசுரேலில் நடந்த ஓர் ஆய்வு, பரீட்சை நாளில் நுண்தூசு கூடியிருந்த மாணவர்கள் குறைந்த புள்ளி எடுத்ததையும், பல வருடங்களுக்குப் பிறகு அவர்களின் சம்பளத்திலும் அது தெரிந்ததையும் காட்டியது. உயர்தரப் பரீட்சை மண்டபத்துக்குப் பின்னால் குப்பை எரிக்கும் ஊர்கள் யோசிக்கட்டும்.

படி 3: கொப்பி போடுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். விலை உயர்ந்த கருவியோ கணினியோ வேண்டாம், எண்பது பக்கக் கொப்பி ஒன்றும் தினமும் எழுத ஒத்துக்கொள்ளும் பத்துப் பேரும் போதும். பத்துப் பேரும் எழுதமாட்டார்கள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மூன்றாம் வாரத்தில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். எழுத அலுப்புப்படுபவர்களுக்கு வீட்டிலிருக்கும் பிள்ளையைப் பிடியுங்கள். தகப்பன் வந்து சொல்லச் சொல்ல மகள் எழுதிய கொப்பிதான் எங்களிடம் இருந்ததிலேயே திருத்தமானது.

மீனவர் கொப்பியில் நாங்கள் வைத்த நிரல்கள்: திகதி, தோணி இறக்கிய நேரம், கரைக்கு வந்த நேரம், எத்தனை தரம் வலை வீசினது, மணலை, செல்வன், கொடுவா, இறால், நண்டு என்று வகைவகையாகக் கிலோ, விற்ற விலை, வலை துப்புரவாக்கப் போன நேரம், அன்று வாவியில் ஆற்றுவாழை இருந்ததா (இல்லை, கொஞ்சம், நிறைய). கடைசி நிரல் "வேறு": காற்று, மழை, காய்ச்சல், கலியாண வீடு. அந்த நிரல் இல்லாவிட்டால் பிறகு அழுவீர்கள்.

வலை துப்புரவாக்கும் நேரத்தை முதலில் நாங்கள் கேட்கவே இல்லை. ஒருநாள் விடியற்காலை கரையில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. தோணி வந்துவிட்டது, மீன் கூடையில் ஏறிவிட்டது, வியாபாரி வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போயும் விட்டார். ஆள் இன்னும் வலையை முழங்காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஷொப்பிங் பேக்கின் கைபிடி, பால்மா உறை, ஆற்றுவாழை வேர், ஒரு செருப்பு வார். ஒவ்வொரு வலைக்கண்ணாகப் பார்த்து எடுக்கிறார், அவசரப்பட்டால் வலைக்கண் கிழியும். நேரம் பார்த்தேன், ஐம்பது நிமிடம். "இது தொழிலா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். ஆகவேதான் எந்தக் கணக்கிலும் இது வருவதில்லை.

வயல் என்றால் நிரல்கள் மாறும்: ஏக்கருக்கு எத்தனை மூடை, உரம் எத்தனை கிலோ, எத்தனை தடவை மருந்தடித்தது, எத்தனை ஆள்நாள். வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையைக் கையில் வைத்துக்கொண்டால் வேலை இலகு, எந்த வயலுக்கு எந்த வாய்க்கால் தண்ணீர் என்பது அவருக்கு மனப்பாடம். சிறுதொழில் என்றால் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முடித்த உருப்படி, வராத ஆட்கள். மருதமுனைக் கைத்தறிக்காரரிடம் "ஒரு நாளைக்கு எத்தனை முழம்" என்று கேட்பது போலத்தான்.

குறைந்தது மாசுள்ள மாதமும் இல்லாத மாதமும் கொப்பிக்குள் வரவேண்டும். ஒரு வருடம் ஓடினால் மாரிகாலமும் கச்சான் காற்றுக்காலமும் இரண்டுமே அடங்கும், அதுதான் நல்லது.

படி 4: மாசையும் அளக்க வேண்டும்

வருமானத்தை மட்டும் அளந்துவிட்டு மாசை "நிறைய" என்று எழுதினால் பாதிக்கிணறுதான். தண்ணீரின் தெளிவைப் பார்க்க ஒரு வெள்ளைப் பிளாஸ்திக் தட்டு, நடுவில் கயிறு, அடியில் கல், கயிற்றில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சு. தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தை எழுதுங்கள். எப்போதும் ஒரே இடம், ஒரே நேரம், முடிந்தால் ஒரே ஆள். ஒட்சிசன் அளக்கும் சோதனைப் பெட்டியை இரவல் வாங்க முடிந்தால் விடியமுன் அளங்கள். இரவெல்லாம் செடியும் பாசியும்கூட ஒட்சிசனை இழுப்பதால் அந்நேரத்தில்தான் அது ஆகக்குறைவாக இருக்கும். மீன் மேலே வந்து வாய் பிளப்பதும் அப்போதுதான். பகல் பதினொரு மணிக்கு அளந்துவிட்டு "தண்ணீர் நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு குழு எழுதிக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கழிவுநீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கத்தான் வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் ஒருவர் கிடைத்தால் இரு பக்கமும் லாபம். காற்றுக்கு நுண்தூசு காட்டும் சிறிய கருவிகள் இப்போது வாங்கக் கிடைக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய அளவுப்படி, பிஎம் 2.5 எனும் நுண்தூசு ஒரு கன மீற்றரில் வருடச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது, ஒரு நாள் சராசரி 15ஐத் தாண்டக்கூடாது.

படி 5: யாரோடு ஒப்பிடுவது, எதைக் கழிப்பது

ஆற்றுவாழை வந்த மாதத்தில் பிடி குறைந்தது என்பது நிரூபணம் ஆகாது. அந்த மாதத்தில் மழையும் வந்திருக்கும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரமும் வெட்டியிருப்பார்கள், தண்ணீரின் உப்பும் மாறியிருக்கும். ஆகவே அதே வாவியில், அதே மழையில், ஆற்றுவாழை ஒதுங்காத இன்னொரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் முன்னும் பின்னும் எழுதுங்கள். இங்கே 20 சதவீதம் குறைந்து, அங்கே 8 சதவீதம் குறைந்திருந்தால், மாசின் பங்கு ஏறத்தாழ 12. மீதி 8 காலநிலையும் மற்றதும். முழு இருபதையும் மாசின் தலையில் கட்டினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல பாடம் ஒன்று நடந்தது. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்களில் நாடு முழுக்கக் காற்று கெட்டுப் புகைமூட்டமாக இருந்தது. 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறையும் விட்டார்கள். அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. புகைதான் கொன்றது என்று பலர் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்நாட்களில் வழமையில்லாத கடுங்குளிரும் அடித்தது, கால்நடை அதிகாரிகள் காட்டிய காரணமும் அதுதான். இரண்டு காரணம் ஒரே கதவால் உள்ளே வந்தால், ஒப்பிட இன்னொரு இடமில்லாமல் பிரிக்க முடியாது.

நம் மாவட்டங்களின் பழைய தரவைப் பார்ப்பவர்கள் கழிக்க வேண்டிய வருடங்களும் உண்டு: யுத்த காலம் முழுவதும், 2004 சுனாமி, 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடை, 2022 எரிபொருள் வரிசை. 2021க்குப் பிறகு விழுந்த நெல் விளைச்சலைக் கழிவுநீரின் கணக்கில் எழுதிய கட்டுரை ஒன்றை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒலுவில் துறைமுகத்துக்குப் பிறகு கரை அரிக்கப்பட்டதும் மீனவருக்குப் பெரிய இழப்புத்தான், ஆனால் அது மாசு அல்ல. வேறு தலைப்பு, வேறு கணக்கு.

படி 6: அலுவலகத் தரவு

கொப்பி மட்டும் போதாது, அதைத் தாங்க அரசாங்க எண்ணும் வேண்டும். மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கைநூலில் சனத்தொகை, நெற்காணி, மீனவக் குடும்பங்கள் கிடைக்கும். ஏக்கர் விபரத்துக்குக் கமநல சேவை நிலையம், நோய் விபரத்துக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. மத்திய வங்கி உற்பத்தியை மாகாணவாரியாகத்தான் வெளியிடுகிறது, மாவட்டத்துக்கு என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கேட்டும் தரவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவெடுக்க வேண்டும். "மாசு பற்றிய எல்லா விபரமும் தருக" என்று கேட்காதீர்கள், ஒன்றும் வராது. "இந்த வீதியிலுள்ள இந்த ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உண்டா, எப்போது காலாவதியாகிறது, கழிவுநீர் பற்றிய நிபந்தனைகளின் பிரதி, கடைசியாகப் பரிசோதித்த திகதி" என்று இலக்கம் போட்டுக் கேளுங்கள். இந்த உரிமம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது. பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், சிறியவற்றுக்கு உள்ளூராட்சி மன்றமும் கொடுக்கும்.

படி 7: ஒருவரிலிருந்து ஊருக்கு

இப்போது பெருக்கல். விளக்கத்துக்காக நானே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை, உங்கள் கொப்பி எண்ணைப் போட்டு மாற்றுங்கள். ஒரு பகுதியில் 200 வலைக்காரர், ஆளுக்கு நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் வீண், மாதத்துக்கு 20 நாள் தொழில், ஆற்றுவாழை நிற்பது 4 மாதம். 24,000 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 250 ரூபாய் என்றால் 60 இலட்சம். அன்று மேசைக்கு முன்னால் எங்களிடம் இல்லாமல் போனது இப்படியான ஒரு வரிதான்.

ஆனால் 250 ரூபாய் என்பதை எங்கே இருந்து எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். கொப்பியில் விற்ற காசை நேரத்தால் பிரித்து எடுங்கள், கொத்தனார் கூலியைக் கொண்டுவந்து போடாதீர்கள். இன்னொன்று, இரட்டை எண்ணல். நேர இழப்பையும் எழுதி, அதே நேரத்தில் பிடித்திருக்கக்கூடிய மீனையும் இழப்பாக எழுதினால் ஒரே காசை இரண்டு தரம் எண்ணுகிறீர்கள். ஒன்றைத்தான் எடுக்கலாம். வலை, மருந்துச் செலவு போன்றவற்றைத் தனியே கூட்டலாம்.

வெளிநாட்டு எண்களைக் கொண்டுவந்து ஒட்டும் ஆசையும் வரும். ஐரோப்பியப் பிரதேசங்களை வைத்துச் செய்த ஆய்வொன்றில் நுண்தூசு ஒரு மைக்ரோகிராம் கூடினால் மொத்த உற்பத்தி 0.8 சதவீதம் குறைந்தது, அதில் மிகப்பெரும் பங்கு ஒவ்வொரு வேலையாளின் திறன் குறைந்ததால். நல்ல ஆய்வுதான். அதை அப்படியே கல்முனைக்குப் பெருக்காதீர்கள். அங்கே மூடிய கட்டடத்தில் மாதச் சம்பள வேலை, இங்கே வெட்டவெளியில் நாட்கூலி. அங்கே பிரச்சினை காற்று, இங்கே முதலில் தண்ணீர். பாதை அதேதான் என்று காட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 8: மாசு போடுபவரின் கணக்கையும் எழுதுங்கள்

இதைச் சங்கத்தில் சொன்னபோது எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது. ஆனாலும் சொல்கிறேன். அரிசி ஆலையில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் வாவிக்காரரின் மருமகனும் இருப்பார். "ஆலையை மூடு" என்று எழுதினால் நாற்பது குடும்பம் எதிரே நிற்கும். ஆலை தரும் வருமானம் எவ்வளவு, அது வெளியே தள்ளும் இழப்பு எவ்வளவு, ஊறல் தண்ணீரைச் சுத்திகரிக்கத் தொட்டி கட்டினால் செலவு எவ்வளவு? மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் மூன்றாவது எண்தான் சிறியது. யாரும் கேட்காததால் யாரும் கட்டவில்லை, அவ்வளவுதான்.

கேட்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூர் இருக்கிறது. சாயப்பட்டறைத் தண்ணீர் நொய்யலில் ஓடி, ஒரத்துப்பாளையம் அணை வரை கெட்டு, கீழே விவசாயிகள் வழக்காடி, கடைசியில் 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளை ஒரே உத்தரவில் மூடச்சொன்னது. அதுவரை பின்னலாடை ஏற்றுமதி வளர்ந்ததும் உண்மை, அந்த வளர்ச்சியில் ஒரு பகுதி நொய்யல் விவசாயியிடம் கேட்காமல் வாங்கிய கடன் என்பதும் உண்மை. ஏறாவூர் புன்னைக்குடாவுக்குப் பேசப்பட்ட துணி உற்பத்தி வலயம் போல எது வந்தாலும், முதல் பட்டறை தொடங்குமுன்பே பக்கத்து மீனவரும் கொப்பி தொடங்கிவிடுவது நல்லது. முன்னைய நிலை எழுதப்படாவிட்டால் பின்னைய நிலையை எதோடு ஒப்பிடுவது?

படி 9: ஒரு பக்கம்

எல்லாம் முடிந்ததும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மேலே இடமும் காலமும். அடுத்து ஒரு வரியில் மொத்த மணித்தியாலமும் ரூபாயும். பிறகு எப்படிக் கணக்கிட்டது என்று ஐந்து வரி, எதைக் கழித்தது என்று மூன்று வரி. கடைசியில் நீங்கள் கேட்பது என்ன, அதற்கு என்ன செலவு. "ஆவன செய்யவும்" என்று முடிக்காதீர்கள். "மாரிக்கு முன்பு இந்த இரண்டு இடத்தில் ஆற்றுவாழைத் தடுப்பு மிதவை, இந்த இடத்தில் குப்பை கொட்டுவதற்கு மறிப்பு" என்று எழுதுங்கள். எண்ணை வட்டமாக்கி, குறைந்ததும் கூடியதுமாக இரண்டாகச் சொல்லுங்கள்: 45 முதல் 60 இலட்சம் வரை. 59,87,340 என்று எழுதினால் துல்லியம் என்று எவரும் நினைக்கமாட்டார்கள், எங்கேயோ இருந்து எடுத்தது என்றுதான் நினைப்பார்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது கொப்பி எழுதியவர் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வி வந்தால் அவரே சொல்லட்டும். மூலக் கொப்பியைக் கையளிக்காதீர்கள். போட்டோப் பிரதி கொடுத்து, கிடைத்தது என்று திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். எங்களுடைய முதல் ஆறு கொப்பியில் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை. அதில் ஒன்று அந்த மகள் எழுதியது.